ஒன்பதாம் வயலின் எண்

கணிப்புக்காரி இறந்த வருடத்திலிருந்து பன்னிரண்டு வயல்களின் மண்ணும் அவள் எழுதி வைத்த எண்களுக்கு மூன்றாம் தசமம் வரை கீழ்ப்படியத் தொடங்கியது. அந்த வருடம் மழை பத்து நாள் பிந்தி வந்தது. மண் ஆய்வு நிலையத்தின் பின்பக்கச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். வாசலில் தொங்கிய மணி களவு போனது. இவற்றோடு ஒன்றாகத்தான் மண்ணின் விஷயமும் பேசப்பட்டது. பிறகு மணிக்குப் பதில் வேறு மணி வாங்கிக் கட்டினார்கள். மண்ணைப் பற்றிச் செய்வதற்கு ஒன்றுமில்லை.

நிலையத்தின் வேலை இதுதான். வருடந்தோறும் அறுவடை முடிந்ததும் அக்கம்பக்கத்து விவசாயிகளின் பன்னிரண்டு வயல்களிலிருந்து ஒரு சாண் ஆழத்து மண் எடுத்து வருவார்கள். காயவைத்து, சலித்து, ஈரம் முழுக்கப் போனபின் ஐந்து கிராம் அளந்து பீங்கான் கிண்ணத்தில் போட்டு உலையில் வைப்பார்கள். ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததெல்லாம், வேரும் இலையும் புழுவும், அங்கே எரிந்து போகும். மணலும் களிமண்ணும் மிஞ்சும். எவ்வளவு எடை குறைந்தது என்பதிலிருந்து அந்த மண் எவ்வளவு கரிமத்தைத் தனக்குள் வைத்திருந்தது என்று கண்டுபிடிப்பார்கள். உலையைப் பார்த்துக்கொண்டவர் உலைக்காரர். இந்த மண் இன்று இவ்வளவு வைத்திருக்கிறது என்றால் இருபது வருடத்தில் எவ்வளவு வைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியவள் கணிப்புக்காரி. மண் சீக்கிரம் விட்டுவிடும் பங்கு, மெதுவாக விடும் பங்கு, விடவே விடாத பங்கு என்று மூன்றாகப் பிரித்து, மழையையும் வெயிலையும் களியின் அளவையும் சேர்த்து அவள் கணக்குப் போட்டாள். உலைக்காரரின் ஒரே மகள் அவள். பதவியில் அவருக்கு மூன்று படி மேலே.

வீட்டில் அவள் அவருக்குத் தோசைக்கரண்டி பிடிக்கத் தெரியாத பெண். நிலையத்தில் அவர் அவளை "ஆபீசர்" என்று கூப்பிடுவார், கிண்டலா மரியாதையா என்று யாருக்கும் தெரியாதபடி. உலை அறைக்கும் அவள் அறைக்கும் நடுவே சுவரில் ஒரு முழச் சதுரத்தில் ஜன்னல் இருந்தது. உலைக்காரர் கிண்ணத்தை எடை போட்டு, நூற்றுக்கு எவ்வளவு கரிமம் என்று பார்த்து, அந்த ஜன்னல் வழியாக எண்ணைச் சொல்ல வேண்டும். அவள் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. உலையிலிருந்து வந்த கிண்ணம் ஈரம் புகாத கண்ணாடிச் சாடிக்குள் முக்கால் மணி நேரம் ஆற வேண்டும். சூட்டோடு தராசில் வைத்தால் கிண்ணத்தைச் சுற்றியுள்ள காற்று மேலே எழும்பும், எடை குறைத்துக் காட்டும், இல்லாத கரிமம் இருப்பதாக ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அவள் கேட்பாள்.

"ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சு, ஆபீசர்."

"சொல்லுங்க."

அவர் எண்ணைச் சொல்வார். அவள் திருப்பிச் சொல்வாள். "எழுதிட்டேன்" என்பாள். ஒரு வருடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கிண்ணங்கள். ஒரு தகப்பனும் மகளும் இவ்வளவு பேசிக்கொள்வது அபூர்வம் என்று நிலையப் பொறுப்பாளர் சொல்வதுண்டு.

கணக்கு தொடங்கிய முதல் வருடம், கடைசிக் கிண்ணம் ஒன்பதாம் வயலுடையது. அன்று மதியத்திலிருந்து மழை. இருவருக்கும் ஒரே குடை. அவளுக்கு இருமல் இருந்தது, மதியம் சாப்பிடவும் இல்லை. கிண்ணம் ஆறும்வரை அவர் இருந்தால் அவளும் இருப்பாள், அதற்குள் பேருந்து போய்விடும், அடுத்தது ஒன்றரை மணி நேரம் கழித்து. உலைக்காரர் சாடியைத் திறந்தார். இடுக்கியைத் தேடக்கூடப் பொறுமையில்லாமல் கிண்ணத்தை விரல்களாலேயே எடுத்துத் தராசில் வைத்தார்.

"ஆறிடுச்சாப்பா?" அவசரத்தில் அன்று அவளுக்கு வீட்டுப் பேச்சு வந்துவிட்டது.

"ஆறிடுச்சு" என்றார்.

ஒன்று புள்ளி நான்கு ஒன்று இரண்டு. அவள் திருப்பிச் சொல்லி எழுதினாள். இருவரும் ஒரு குடைக்குள் நடந்து பேருந்தைப் பிடித்தார்கள். அவர் குடையை மகள் பக்கமே சாய்த்துப் பிடித்ததால் அவருடைய இடது தோள் முழுக்க நனைந்தது.

அந்த எண்ணிலிருந்து அவள் ஒன்பதாம் வயலுக்கு இருபது வருடக் கணிப்பு எழுதினாள். மற்ற பதினொன்றுக்கும் எழுதினாள். நீல மையில், எறும்பு ஊர்ந்ததுபோல் சின்னக் கையெழுத்தில், இருபது வரிசை பன்னிரண்டு கட்டம். அவள் உயிரோடு இருந்தவரை மண் அந்த அட்டவணையைச் சட்டை செய்யவில்லை. ஒரு வயல் கொஞ்சம் மேலே போகும், இன்னொன்று கொஞ்சம் கீழே. "ஊரெல்லாம் ஆபீசருக்கு சலாம் போடுது, மண்ணு மட்டும் மதிக்க மாட்டேங்குது" என்று உலைக்காரர் ஜன்னல் வழியாகச் சீண்டுவார். "மண்ணுக்கு எங்க அப்பா குணம்" என்று பதில் வரும். ஒன்பது மட்டும் சிரிக்கும்படி இல்லை. அவள் எண்ணுக்கும் உலை சொன்ன எண்ணுக்கும் நடுவே பள்ளம் விழுந்திருந்தது. எழுதியதில் பாதியை விடக் கொஞ்சம் கூடத்தான் மண்ணில் இருந்தது.

"ஒன்பது மட்டும் ஏன்பா இப்படி?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவர், "அது அப்படிப்பட்ட மண்ணும்மா" என்றார்.

நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எடுத்து வரும் மண்ணில் பாதியை மூடி முத்திரையிட்ட ஜாடியில் வைத்துவிடுவார்கள். பின்னால் சந்தேகம் வந்தால் அதைத் திறந்து மறுபடி எரித்துப் பார்க்கலாம். ஆனால் திறப்பதற்கு ஒரு படிவம் எழுத வேண்டும். அதில் எடை போட்டவர் பெயரை எழுதி, அவர் வேலையின்மேல் சந்தேகம் என்று கையெழுத்திட வேண்டும். அந்தப் படிவத்தை அவள் எழுதவில்லை. அதற்குப் பதில் தன் சமன்பாட்டைச் சந்தேகப்பட்டாள். களியின் பங்கை மாற்றினாள், வேரின் பங்கை மாற்றினாள், மூன்று பங்கை நான்காக்கிப் பார்த்தாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒன்பதாம் வயலின் தாள்கள் தட்டுக்கு அடியில் கிடந்தன. உலைக்காரர் அவற்றை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

நான்காம் வருடம் அறுவடைக்கு முன், ஆறு நாள் காய்ச்சலில் அவள் இறந்தாள். உலைக்காரர் ஒன்பது நாள் விடுப்பு எடுத்தார். பத்தாம் நாள் வந்து உலையின் கதவுத் தகட்டில் படிந்திருந்த புகைக்கரியைத் துடைத்தார். மகள் அறைக்குப் புதியவள் ஒருத்தி வந்திருந்தாள். அமைதியான பெண், மூக்குக் கண்ணாடி போட்டவள். ஜன்னல் வழியாக எண்ணைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். கேள்வியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அது எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

அந்த வருடம் முதல் வயலின் எண்ணைச் சொன்னதும் புதியவள் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிச் சொன்னாள். இரண்டாவதுக்கும் அப்படியே. ஐந்தாவதுக்குப் பிறகு அட்டவணையைத் தூக்கிக்கொண்டு உலை அறைக்குள் வந்துவிட்டாள். "சார், நீங்க இதப் பாத்துச் சொல்லலையே?" அவர் பார்த்ததில்லை. பன்னிரண்டு வயலும் மகள் எழுதியபடியே இருந்தன, கடைசிப் புள்ளி வரை. பொறுப்பாளர் வந்து பார்த்தார். வேறு நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்து, தாங்களே மண் எடுத்து, தாங்கள் கொண்டுவந்த தராசில் எடை போட்டார்கள். அதே எண்கள். அந்தப் பெண் பெரிய கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளுடைய சமன்பாடு சரியானது என்று ஊர் முழுக்கப் பேச்சு. அது அப்படியில்லை என்று தெரிந்தவர் உலகத்தில் தான் ஒருவர்தான் என்று உலைக்காரர் நினைத்தார். ஏனென்றால் ஒன்பதாம் வயலும் அவள் எண்ணுக்கே வந்திருந்தது, அந்த எண் பொய் என்பது அவருக்குத் தெரியும். மண் சமன்பாட்டுக்குக் கீழ்ப்படியவில்லை. அவர் மகளுக்குக் கீழ்ப்படிந்தது.

பதினொரு வயல்களுக்கு இதனால் தொந்தரவில்லை. ஒன்பதாம் வயல் தன்னிடம் இல்லாததை எங்கிருந்தாவது கொண்டுவர வேண்டியிருந்தது. அது கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டது. வேலி மரங்கள் ஒரு வாரத்தில் கரைந்து, அடித்திருந்த ஆணிகள் மட்டும் வரிசையாகத் தரையில் கிடந்தன. காக்கை விரட்ட வைத்த வைக்கோல் பொம்மை மூன்று நாளில் இடுப்புவரை இறங்கி நான்காம் நாள் காணாமல் போனது. வரப்பில் மறந்து வைத்த துண்டு, மண்வெட்டியின் காம்பு, சாக்கு, எல்லாம் போயின. பயிர் நன்றாகவே முளைத்தது. கதிர் பால் பிடிக்கும்போது மண் அதைக் கீழிருந்து இழுத்துக்கொண்டது. அறுக்கப் போனால் உமி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. மண் மட்டும் கறுத்து, மெத்தென்று, பார்க்கிறவர் பொறாமைப்படும்படி இருந்தது.

வயலுக்குச் சொந்தக்காரி குரல் பெருத்தவள். இரண்டு வயல் தள்ளி நின்று பேசினாலும் கேட்கும் என்பதால் சத்தக்காரி என்று பெயர். முதல் வருடம் விதை விற்றவனைத் திட்டினாள். இரண்டாம் வருடம் பூச்சியைத் திட்டினாள். மூன்றாம் வருடம் புருஷனைத் திட்டினாள், அவன் பக்கத்து ஊர் மாவு ஆலைக்கு மூட்டை தூக்கப் போனான். அப்புறம் ஒரே இடத்தில் நின்று திட்டுவதை விட்டுவிட்டாள், அதிக நேரம் நின்றால் செருப்பின் அடி தேய்ந்தது, வெறுங்காலோடு நின்றால் நகம். நடந்துகொண்டே திட்டினாள்.

உலைக்காரர் ஏழு வருடம் ஒன்பதாம் வயலின் மண்ணை எரித்தார். ஏழு வருடமும் ஜன்னல் வழியாகச் சொன்னார். மகள் எழுதிய எண் தன் வாயிலிருந்து வருவதைக் கேட்டார். அது அவருக்கு வலிக்கவில்லை. வேறெதுவும் வலிக்கவும் இல்லை. ஒரு பல்லைப் பிடுங்கினார்கள், மரத்துப்போகும் மருந்து போடும் முன்பே பிடுங்கிவிட்டதாகப் பிறகு வைத்தியர் மன்னிப்புக் கேட்டார், இவருக்குத் தெரியவேயில்லை. மழை வந்தால் குடையை வலப்பக்கம் சாய்த்துப் பிடித்து நடந்தார். இடது தோள் நனைந்தபடியே வீட்டுக்கு வருவார். மனைவி துண்டு கொடுப்பாள். அந்த வீட்டில் அந்த ஏழு வருடத்தில் பேசியதையெல்லாம் எழுதினால் இரண்டு பக்கம் வராது.

பத்தாம் வருடம் மண் எடுத்த வாரத்தில் சத்தக்காரி நிலையத்துக்கு வந்தாள். கையில் ஒன்பது என்று எழுதிய தகரப் பலகை. அதை உலை அறை மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க உங்க போர்டு. நாங்க கெளம்புறோம்."

"எங்க?"

"அவரு மூட்டை தூக்குற எடத்துக்கே. நானும் ரெண்டு மூட்டை தூக்குறேன். மண்ணு திங்கறத நின்னு வேடிக்கை பாக்குறதுக்கு அது மேல்." அவள் குரல் வழக்கம்போல் இல்லை, பக்கத்தில் நிற்கிறவருக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது. அதுதான் அவரை நிமிர்ந்து பார்க்க வைத்தது. "உங்க பொண்ணு போட்ட கணக்கு தப்பவே தப்பாதாமே. அப்ப இன்னும் பத்து வருஷத்துக்கு இப்படித்தானே? நல்ல பொண்ணுங்க. மண்ணெடுக்க வந்தா, ஒரு வாய் தண்ணி குடிக்காம போக மாட்டா. அவ என் வயலுக்கு இப்படி எழுதியிருக்க வேண்டாம்."

"அவ எழுதல" என்றார் உலைக்காரர்.

"பின்ன யாரு எழுதினா?"

அவர் தகரப் பலகையைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "நாளைக்கு ஒரு நாள் பொறு. போர்ட எடுத்துட்டுப் போய் நட்டு வை."

மறுநாள் காலை அவர் படிவம் கேட்டார். எடை போட்டவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். சந்தேகப்படுபவர் என்ற இடத்திலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னங்க இது? உங்க மேல நீங்களே சந்தேகமா?"

"ஆமாங்க."

"சரி, எண்ணு மாறினா? எழுதினவங்கதான் அடிச்சுத் திருத்திக் கையெழுத்துப் போடணும், வேற யாரும் தொடக் கூடாது. விதி உங்களுக்கே தெரியும். அவங்க இல்லையே."

"எரிச்சுச் சொல்றது என் வேலைங்க. எழுதறது என் வேலையில்ல."

பொறுப்பாளர் படிவத்தில் முத்திரை குத்தினார். முதல் வருடத்து ஒன்பதாம் ஜாடியின் முத்திரையை உடைத்தார்கள். உள்ளே மண் சாதாரணப் பழுப்பு நிறத்தில் இருந்தது. உலைக்காரர் ஐந்து கிராம் எடுத்து எரித்தார். கிண்ணத்தை இடுக்கியால் எடுத்துக் கண்ணாடிச் சாடியில் வைத்து மூடினார். எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். முக்கால் மணி ஆனது. எழுந்திருக்கவில்லை. இன்னொரு முக்கால் மணி ஆனது. வெளியே மழை பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புதியவள் டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவர் சாடியைத் திறந்து, புறங்கையைக் கிண்ணத்தின் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்து, தராசில் வைத்தார்.

"ஆறிடுச்சா?"

கேட்டது புதியவளுடைய குரல் இல்லை. அவள் கோப்பையை வாயருகே வைத்தபடி, தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு இடம் விட்டாள்.

உலைக்காரர் தராசிலிருந்து கையை எடுத்தார். "இப்ப ஆறிடுச்சும்மா" என்றார். பிறகு, "அன்னிக்கு ஆறல."

வெளியே மழை வலுத்தது. பிறகு ஜன்னலிலிருந்து, மற்ற எந்தக் கிண்ணத்துக்கும் சொல்வதுபோலவே, "சொல்லுங்க."

"பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு ஆறு."

"பூஜ்யம் புள்ளி எட்டு ஆறு ஆறு. எழுதிட்டேன்."

அவ்வளவுதான். அட்டவணையில் ஒன்பதாம் வயலின் கட்டங்கள் இருபதிலும் பழைய எண்ணை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே புது எண் நீல மையில் எழுதியிருந்தது. ஓரத்தில் சுருக்கக் கையெழுத்து. தேதி அன்றைய தேதி. மை காய்வதற்குள் பொறுப்பாளர் வந்து பார்த்தார். எழுதினவரே திருத்தியிருந்தார், கையெழுத்து இருந்தது, தேதி இருந்தது. எழுதினவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று விதியில் எங்கேயும் இல்லை. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒழுங்காக இருக்கிறது என்று பக்கத்தில் குறித்தார்.

"நான் கேக்கல சார்" என்றாள் புதியவள், உலைக்காரர் கிளம்பும்போது. "தெரியும்மா" என்றார் அவர்.

அன்று மாலை சாப்பிடும்போது அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னார். ஏழு வருடத்தில் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. அவள் கேட்டுவிட்டு அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள்.

"அவளுக்குத் தெரியும்" என்றாள்.

"எது?"

"கிண்ணம் சூடுன்னு. குடைல வந்தப்பவே பாத்துட்டாளாம், உங்க ரெண்டு வெரல்ல கொப்புளம் வந்திருந்துச்சாம். வந்த ஒடனே எங்கிட்டதான் மருந்து கேட்டா. நான்தானே போட்டுவிட்டேன், எண்ணெய் தெறிச்சிருக்கும்னு நெனச்சுக்கிட்டு. அப்புறம்தான் சொன்னா."

"தெரிஞ்சும் ஏன் அப்படியே விட்டா?"

"படிவம் எழுதணுமாமே உங்க பேர்ல. அதெல்லாம் எழுத மாட்டேன், அப்பாவே ஒரு நாளைக்குச் சொல்வார்னா. சொல்ற வரைக்கும் வேற வழியில அந்த எண்ண சரிக்கட்ட முடியுமான்னு பாத்துட்டிருந்தா." அவள் தண்ணீர்ச் செம்பை அவர் பக்கம் நகர்த்தினாள். "அதான் அத்தன தாளு."

உலைக்காரர் தொடர்ந்து சாப்பிட்டார். சோற்றில் உப்பு குறைவாக இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய் உப்பு எடுத்து வந்தார்.

ஒன்பதாம் வயல் தான் எடுத்துக்கொண்டதைப் பதினொரு நாள் வெளியே விட்டது. முழங்கால் உயரத்துக்கு வெதுவெதுப்பான காற்று எழும்பி நின்றது. தீக்குச்சி கொளுத்தினால் அணைந்தது. எறும்புகள் ஊர்வலமாக வெளியேறி, பன்னிரண்டாம் நாள் திரும்பி வந்தன. அக்கம்பக்கத்தார் மழைக்காலத்தில் காயாத துணிகளைக் கொண்டுவந்து கம்பி கட்டிக் காயப்போட்டார்கள். மண் பழுப்பு நிறத்துக்கு வந்து சேர்ந்தது. உலைக்காரர் அங்கே போய் வரப்பில் நின்று சத்தக்காரியிடம் எல்லாவற்றையும் சொன்னார், பேருந்து, குடை, கிண்ணம் எல்லாம். அவள் முதலில் நம்பவில்லை. நம்பிய பிறகு அரை மணி நேரம் திட்டினாள், ஆறாம் வயல் வரை கேட்டது. நின்ற இடத்திலேயே நின்று திட்டினாள், செருப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் தலையைக் குனியாமல் கேட்டுக்கொண்டார். ஏழு வருடமாக யாரும் அவரைத் திட்டவில்லை, எல்லாரும் மெதுவாகவே பேசியிருந்தார்கள்.

அடுத்த அறுவடையில் கதிரில் மணி பிடித்தது. சத்தக்காரியின் புருஷன் மாவு ஆலையிலிருந்து திரும்பி வந்து புது வேலி போட்டான். அவள் ஒரு பிஸ்கட் டின்னை நிலையத்துக்குக் கொடுத்தனுப்பினாள். அது நிறைய ஆணி. கரைந்துபோன வேலிகளின் ஆணிகள், ஏழு வருடத்தது. "இதையும் எடை போட்டு எழுதிக்கச் சொல்லுங்க, நல்லா ஆறிப்போயிருக்கு" என்று சொல்லி அனுப்பியிருந்தாள். உலைக்காரர் டின்னைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். புதியவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் சிரித்தாள்.

மண் இப்போதும் அட்டவணைப்படிதான் நடக்கிறது. இருபதாம் வரிசைக்குப் பிறகு என்ன செய்யும் என்று யாரும் கேட்பதில்லை, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுப்பாளர் சொல்லியிருக்கிறார். ஜன்னலில் அந்தக் குரல் மறுபடி கேட்கவில்லை. கேள்வியை மட்டும் புதியவள் எடுத்துக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அன்றிலிருந்து தானாகவே கேட்கத் தொடங்கினாள், ஒவ்வொரு கிண்ணத்துக்கும். மழை நாட்களில், பேருந்துக்கு நேரமாகிவிட்டாலும் கேட்கிறாள்.

"ஆறிடுச்சா சார்?"

உலைக்காரர் சாடியின் மூடிமேல் கையை வைத்துப் பார்க்கிறார்.

"இன்னும் இல்லம்மா. கொஞ்சம் இருங்க."